புளிப்பு, துவர்ப்பு, கொஞ்சம் இனிப்பு

ஜனவரி 17. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் கார்ஹாம்ப்டன் என்றொரு சிற்றூர். இருட்டியதும் ஆப்பிள் தோப்பில் ஊர் கூடுகிறது. நெருப்பு மூட்டியிருக்கிறார்கள். ஒரு மரத்தின் வேரில் சைடரை ஊற்றுகிறார்கள். சைடரில் நனைத்த ரொட்டித் துண்டுகளைக் கிளைகளில் செருகுகிறார்கள். அவை ராபின் குருவிகளுக்கு. பாட்டு முடிந்ததும் கிளைகளின் ஊடே வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிக்கிறது. கெட்ட ஆவி ஓடவேண்டும், உறங்கும் மரம் விழிக்கவேண்டும், வரும் ஆண்டு காய்க்கவேண்டும்.

இந்தச் சடங்குக்கு வாசெயில் என்று பெயர். கிறிஸ்துமஸிலிருந்து பன்னிரண்டாம் இரவில் செய்வது. 1752-ல் பிரிட்டன் நாட்காட்டியைத் திருத்தியபோது பதினொரு நாட்கள் காணாமல் போயின. கார்ஹாம்ப்டன்காரர்கள் மரத்துக்குப் புது நாட்காட்டி தெரியாது என்பதுபோலப் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. உழுத மாட்டுக்கு ஒரு நாள் வைத்துப் பொங்கலிட்டுவிட்டு வந்தவனுக்கு, காய்த்த மரத்துக்கு ஒரு நாள் வைப்பதில் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்றிரவு கையில் கிடைத்தது சூடான சைடர். கிராம்பும் பட்டையும் போட்டுக் காய்ச்சியது. குளிருக்கு அது இதம்தான். ஆனால் சூடுபடுத்தினால் நறுமணம் பாதி ஆவியாகிவிடும். மிஞ்சுவது இனிப்பும் மசாலாவும். அதனால் நல்ல புட்டியை அடுப்பில் ஏற்றக்கூடாது. ஊர்க்காரர்களுக்கும் அது தெரிந்திருந்தது: காய்ச்சியது ஒரு பீப்பாய், மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு எடுத்துவைத்தது வேறு பீப்பாய். எந்தப் பொழுதுக்கு எது, எந்தத் தட்டுக்கு எது என்ற கேள்வியோடுதான் நான் கிளம்பியிருந்தேன். முதல் ராத்திரியிலேயே அதற்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

நம் ஊரில் சைடர் என்றால் பலருக்கு நினைவு வருவது உடல் இளைக்கக் குடிக்கும் வினிகர்தான். சைடர் காற்றுப்பட்டுக் கெட்டால் வருவது அந்த வினிகர். கெடாத சைடர், ஆப்பிள் சாறு தானாகப் புளித்து உண்டாகும் மது. பெரும்பாலும் ஐந்திலிருந்து எட்டு சதவீதம் ஆல்கஹால். திராட்சை மதுவை எந்தச் சாப்பாட்டோடு குடிப்பது என்று அலமாரி அலமாரியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. சைடருக்கு அந்த மரியாதை குறைவு. நான் வேறு வழியில் போகப் பார்த்தேன்: மரத்தை நட்டவர்கள் அதன் பக்கத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்த்தால் போதுமே.

சாமர்செட்டில் மறுநாள் என் முன்னால் வந்தது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றித் தொடை, செடார் பாலாடைக்கட்டி, ஊறுகாய் வெங்காயம். செடார் என்ற ஊரே இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. கூட வந்தது கிங்ஸ்டன் பிளாக் என்ற ஒரே வகை ஆப்பிளில் செய்த சைடர். கருஞ்சிவப்புப் பழம். தோப்பில் ஒன்றைக் கடித்துப் பார்த்திருந்தால் உடனே துப்பியிருப்பேன். சைடருக்கான ஆப்பிள்கள் பெரும்பாலும் தின்னவே லாயக்கற்றவை. அவற்றில் துவர்ப்பு அத்தனை அதிகம். பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் லாங் ஆஷ்டனில் 1903-ல் சைடருக்கென்றே ஓர் ஆய்வு நிலையம் தொடங்கினார்கள். ஆங்கிலேயச் சைடர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தது அந்த நிலையம்தான்: இனிப்பு, புளிப்பு, துவர்ப்போடு சேர்ந்த இனிப்பு, துவர்ப்போடு சேர்ந்த புளிப்பு. அளவுகோல் இரண்டே, அமிலமும் டானின் என்ற துவர்ப்புப் பொருளும். கிங்ஸ்டன் பிளாக் நான்காவது வகை. வேறு பழம் கலக்காமலே முழுமையான சைடர் தரக்கூடிய சிலவற்றில் ஒன்று.

அந்தத் துவர்ப்பு பன்றிக் கொழுப்பின் மேல் என்ன செய்கிறது என்பது இரண்டாவது வாயிலேயே புரிந்தது. டானின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும். கொழுப்பும் பாலாடைக்கட்டியும் நாக்கில் படியவிட்ட பூச்சை அது இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த கவளம் முதல் கவளம்போல ருசிக்கிறது. அதே சைடரைத் தனியாகக் குடித்தால் வாய் வறண்டுபோகும். பாலாடைக்கட்டியும் அந்தச் சைடர் இல்லாமல் கனத்துக் கிடக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியே ஆகவேண்டும். பிரிட்டிஷ் சட்டப்படி 35 சதவீதம் சாறு இருந்தாலே அது சைடர். மீதிக்குத் தண்ணீரும் சர்க்கரையும் வரலாம், சாறும் அடர்சாற்றைக் கரைத்ததாக இருக்கலாம். கடை அலமாரியில் பாதி அப்படிப்பட்டவைதான். தாகத்துக்கு ஐஸ் போட்டுக் குடிக்கலாம். சாப்பாட்டோடு வைத்தால் அவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. புட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, முழுச்சாறு என்று எழுதியிருக்கிறதா, ஆப்பிளின் பெயரும் அறுவடை ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவேண்டும். ஆண்டுக்கு ஏழாயிரம் லிட்டருக்கு மேல் விற்காத சிறு தயாரிப்பாளருக்குப் பிரிட்டனில் வரிவிலக்கு உண்டு. அந்தச் சலுகையில்தான் எத்தனையோ பண்ணைக் கொட்டகைகளில் இன்னும் பீப்பாய் நிரம்புகிறது.

வடக்கே ஹெரிஃபோர்ட்ஷயர். கூலிக்குச் சைடர் கொடுத்த மண் இது. புல் அறுக்கும் நாட்களில் ஆளுக்கு இத்தனை என்று கூலியிலேயே அடக்கம். பிழிந்த சக்கையில் தண்ணீர் விட்டு மறுபடி பிழிந்து, லேசான இரண்டாம் சைடரை வேலைக்காரர்களுக்கென்று ஒதுக்குவதும் வழக்கம். கூலியாக மதுவைக் கொடுப்பதை 1887-ல் ஒரு சட்டம் தடைசெய்தது. அதே 1887-ல்தான் ஹெரிஃபோர்ட் நகரில் பல்மர்ஸ் நிறுவனம் தொடங்கியது. பண்ணையில் கூலியாகக் கிடைத்தது போய், கடையில் காசு கொடுத்து வாங்கும் சரக்காகச் சைடர் மாறிய காலம் அது.

வயலில் லேசான சைடர் என்றால் மாளிகையில் வேறு. 17-ஆம் நூற்றாண்டில் ஹோம் லேசியில் இருந்த ஸ்கடமோர் பிரபு ரெட்ஸ்ட்ரீக் என்ற ஆப்பிளைப் பரப்பினார். அதன் சைடருக்குப் பிரபுக்களின் விருந்துமேசையில் பிரெஞ்சு ஒயினுக்கு நிகரான இடம். அந்தச் சைடர் நுரைத்தது. காரணம் கண்ணாடி. கப்பல் கட்ட மரம் வேண்டுமென்று 1615-ல் ஜேம்ஸ் மன்னர் கண்ணாடி உலைகளில் விறகு எரிக்கத் தடைபோட்டார். உலைகள் நிலக்கரிக்கு மாறின. கூடிய சூட்டில் வலுவான புட்டிகள் பிறந்தன. அழுத்தம் தாங்கும் புட்டி கிடைத்ததும், அதில் சைடரை அடைத்துக் கொஞ்சம் சர்க்கரை சேர்த்து நுரைக்கவைக்க முடிந்தது. சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்கவைப்பதைப் பற்றி 1662-ல் லண்டன் ராயல் சொசைட்டியில் கிறிஸ்டோஃபர் மெரட் என்ற மருத்துவர் கட்டுரை படித்தார். ஷாம்பெயினின் புகழ் உலகம் சுற்றுவதற்கு முந்தைய கதை இது. கல்யாணத்துக்கும் பிறந்தநாளுக்கும் ஷாம்பெயின்தான் என்று இருப்பவர்கள், புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை புளிக்கவைத்த ஹெரிஃபோர்ட்ஷயர் சைடர் ஒன்றை ஒருமுறை திறந்து பார்க்கவேண்டும்.

மச் மார்க்கிள் பக்கம் ஆப்பிளைவிடப் பேரிக்காய் மரங்கள் உயர்ந்து நிற்கின்றன. சில மரங்களுக்கு முந்நூறு வயது. நட்டவர் தம் காலத்தில் முழுக் காய்ப்பைப் பார்ப்பது அபூர்வம். அந்தப் பேரிக்காயிலிருந்து வருவது பெர்ரி என்ற மது. பேரிக்காயில் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் இருக்கிறது. ஈஸ்டால் அதைத் தின்ன முடியாது. அதனால் எவ்வளவு புளித்தாலும் அடியில் ஒரு மென்மையான இனிப்பு தங்கிவிடுகிறது. பன்றித் தொடையோடு இதை வைத்தால் தொலைந்துபோகும். ஆவியில் வெந்த மீன், ஆட்டுப்பால் கட்டி, விருந்தாளி வந்ததும் நீட்டும் முதல் கோப்பை: இவைதான் அதன் இடம்.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து நார்மண்டி. பேய் டோஜ் பகுதியில் உயரமான ஆப்பிள் மரங்களுக்கு அடியில் புல், புல்லில் புள்ளி போட்ட நார்மன் மாடுகள். பால், வெண்ணெய், பாலேடு, ஆப்பிள் எல்லாம் ஒரே நிலத்தில். காமம்பேர், லிவரோ, பொன் லெவேக் என்ற மூன்று பாலாடைக்கட்டிகளின் ஊர்களும் இந்தப் பகுதியில்தான். ஜனவரியில் மரங்கள் மொட்டை. வேலையெல்லாம் இருட்டறைக்குள், பீப்பாய்க்குள் நடக்கிறது.

ஒரு பண்ணையில் தொட்டிமேல் ஏறிப் பார்க்கச் சொன்னார்கள். பழுப்பு நிறத்தில் தடித்த ஆடை மிதந்தது. பழுப்புத் தொப்பி என்றே அதைச் சொல்கிறார்கள். ஆப்பிளில் உள்ள பெக்டின் கால்சியத்தோடு சேர்ந்து கூழாகத் திரண்டு, ஈஸ்டுக்கு உணவான நைட்ரஜன் சத்துகளையும் ஈஸ்டில் ஒரு பகுதியையும் வாரிக்கொண்டு மேலே வந்துவிடுகிறது. நடுவில் தெளிந்த சாறு. அதை மட்டும் மெல்ல உருவி வேறு பீப்பாயில் விடுகிறார்கள். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் மாதக்கணக்கில் நிதானமாக வேலை செய்து, சர்க்கரை தீருமுன் சோர்ந்துவிடும். சர்க்கரை எதையும் சேர்க்காமல் பழத்தின் சொந்த இனிப்பே மிஞ்சிய சைடர் கிடைக்கிறது. கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிப் பதநீரைக் கள்ளாகவிடாமல் தடுக்கும் பனையேறியின் கை எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. வேலை செய்யும் விதம் வேறுதான். ஆனால் இங்கும் அந்தக் காலத்தில் சுண்ணாம்புத் தூளோ சாம்பலோ போட்டுத்தான் இதைச் செய்தார்களாம். இரண்டு இடத்திலும் காரியம் ஒன்று: இனிப்பைப் புளிப்பிடமிருந்து காப்பது.

ஈஸ்ட் எங்கே நின்றது என்பதை வைத்துப் புட்டியில் பெயர் வருகிறது. தூ என்றால் இனிப்பு, ஆல்கஹால் மூன்று சதவீதத்துக்குள். தெமி செக் நடுத்தரம். ப்ரூட் என்றால் இனிப்பு குறைந்தது, ஐந்து சதவீதத்தை ஒட்டியது. சைடர் வாங்கப் பழகாதவர் இந்த மூன்று பெயர்களைத் தெரிந்துகொண்டாலே தேர்வு பாதி முடிந்தது. பேய் டோஜ் சைடருக்கும் பிரிட்டனியின் கோர்னுவாய் சைடருக்கும் 1996-ல் பிறப்பிடப் பாதுகாப்பு கிடைத்தது. தோம்ஃப்ரோன் பக்கத்துப் பேரிக்காய் மதுவுக்கு 2002-ல்.

காமம்பேரை ஒரு ப்ரூட்டோடு கொடுத்தார்கள். மாட்டுத்தொழுவ வாசனை வீசும் முற்றிய கட்டி. அந்த வாசனை சைடரிலும் மெலிதாக இருந்தது! தொழுவம், ஈரப் புல், தோல். சிவப்பு ஒயினை இதோடு குடித்தால் துவர்ப்பு உலோகம்போலக் கசக்கும். நார்மன் சைடரோ கட்டியின் உறவுக்காரன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அதன் நுரை கொழுப்பைக் கிழித்துவிடுகிறது. கோழியைச் சைடரிலும் பாலேட்டிலும் வேகவைத்தபோதும் அதே புட்டியைத்தான் மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சமையலில் எது போனதோ அதையே கோப்பையிலும் ஊற்றுவது இங்கே எழுதாத சட்டம். பெரிய விருந்தின் நடுவில் கொஞ்சம் கல்வடோஸ். சைடரைக் காய்ச்சி வடித்து ஓக் பீப்பாயில் வைத்த சாராயம் அது. வயிற்றில் மறுபடி இடம் உண்டாக்கும் என்று நம்புகிறார்கள். எனக்கு அப்படி எதுவும் இடம் உண்டாகவில்லை. ஆனால் மேசையில் பேச்சு சூடுபிடித்தது.

பிரிட்டனிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிப்ரவரி 2. ஷாந்தலேர் என்ற மெழுகுவர்த்தித் திருநாள். பிரான்ஸ் முழுக்க அன்று கிரேப் என்ற மெல்லிய தோசை சுடுகிறார்கள். ஒரு கையில் நாணயத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தோசையைத் தூக்கிப் போட்டுப் புரட்டவேண்டும். கீழே விழாமல் வந்தால் ஆண்டெல்லாம் காசு புழங்கும். அன்றைக்குச் சைடர் இல்லாத வீடு இருக்காது. அதற்கு முன் ஜனவரி 6-ல் மூன்று ராஜாக்கள் திருநாள் அப்பத்துக்கும் சைடர்தான். குளிர்காலத்தின் இந்தக் குடும்ப நாட்களில் பிரெஞ்சுக்காரர்கள் ஒயினைத் தள்ளிவைத்துவிட்டுச் சைடரை எடுப்பதற்கு ஒரு காரணம் அதன் லேசான தன்மை என்று நினைக்கிறேன். பாட்டி முதல் பேரன்மார் வரை கூடும் மேசையில் மூன்று சதவீதம் யாரையும் தடுமாறவைக்காது.

தோசை இரண்டு வகை. மரக்கோதுமை மாவில் சுட்ட கருத்த காலெட்: முட்டை, பன்றித் தொடை, கட்டி வைத்து மடித்தது, உப்பானது. இதற்கு ப்ரூட். கோதுமை மாவில் சுட்ட வெளிறிய கிரேப்: உப்பு வெண்ணெயில் காய்ச்சிய காரமெல் வழிவது. இதற்கு தூ. மாற்றி ஊற்றிப் பார்த்தேன். காரமெலுக்குப் பக்கத்தில் ப்ரூட் வெறும் புளித்தண்ணீராகிவிட்டது. இனிப்புப் பண்டத்தைவிடக் கோப்பை ஒரு படியாவது இனித்திருக்கவேண்டும் என்பதை நாக்கு வேறு யாரும் சொல்லாமலே கற்றுக்கொண்டது. சைடர் வந்தது கைப்பிடி வைத்த மண்கோப்பையில். நிறத்தையும் நுரையையும் பார்க்க முடியாது என்று அறிந்தவர்கள் குறைசொல்வார்கள். தோசைக்கடையின் புகைக்கும் சத்தத்துக்கும் நடுவில் அந்தக் கோப்பைதான் பொருத்தமாகப் பட்டது.

தெற்கே பிஸ்கே விரிகுடாவைச் சுற்றி ஸ்பெயின் பக்கம் வந்தால் இனிப்பு அடியோடு நின்றுவிடுகிறது. சான் செபாஸ்டியன் நகருக்குப் பக்கத்தில் அஸ்டிகர்ராகா. ஊர் முழுக்க சகார்தோதேகி என்னும் சைடர் மனைகள். சகார்தோ என்பது பாஸ்க் மொழியில் சைடர். ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல், மே வரை இவர்களின் பருவம். போன இலையுதிர்காலத்தில் பிழிந்தது இன்னும் புட்டிக்குப் போகாமல் பெரும் பீப்பாய்களில் நிற்கும். வந்து பீப்பாயிலிருந்தே குடித்துப் பார்க்கலாம்.

முன்பு வியாபாரிகளும் சாப்பாட்டுச் சங்கத்தாரும் எந்தப் பீப்பாயை வாங்குவது என்று பார்க்க வருவார்கள். வெறும் வயிற்றில் எத்தனை பீப்பாயைச் சுவைப்பது? கையோடு உணவு கொண்டுவந்தார்கள். அதுதான் வளர்ந்து இன்று எல்லா மனையிலும் மாறாத ஒரே சாப்பாடாகிவிட்டது. முதலில் உப்புக் காட் மீன் போட்ட முட்டை அடை. அடுத்து பொரித்த காட் மீன், மேலே பச்சைக் குடமிளகாய். பிறகு எலும்போடு தணலில் வாட்டிய பெரிய மாட்டிறைச்சித் துண்டு, வெளியே கருகி உள்ளே சிவந்து. கடைசியில் இடியசாபால் என்ற செம்மறியாட்டுப்பால் கட்டி, சீமைமாதுளைப் பாகு, உடைக்காத வால்நட். பட்டியல் கிடையாது, தேர்வும் கிடையாது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே யாரோ 'ட்சோட்ச்!' என்று கத்துகிறார்கள். பீப்பாயின் துளையை அடைத்த சிறு குச்சியின் பெயர் அது. முள்கரண்டியைப் போட்டுவிட்டு எல்லாரும் கோப்பையோடு எழுந்து ஓடுகிறார்கள். பீப்பாயிலிருந்து நூல்போலச் சைடர் பாய்கிறது. தூரத்தில் குனிந்து கோப்பையின் உள்சுவரில் அது மோதும்படி பிடிக்கவேண்டும். இரண்டு விரற்கடை அளவு சேர்ந்ததும் விலகவேண்டும்; விலகுமுன் பின்னால் நிற்பவரின் கோப்பை தாரைக்குள் வந்துவிடும், ஒரு சொட்டுக் கீழே விழாது. எனக்கு முன்னால் நின்ற பெரியவர் என் முழங்கையைப் பிடித்துத் தாழ்த்தி, 'இன்னும் கீழே, மோதினால்தான் திறக்கும்' என்றார். வாயு ஏற்றாத சைடர் இது. மோதும்போதுதான் உள்ளே அடங்கிய கொஞ்சம் வாயு எழும்பி மணத்தைத் தூக்குகிறது. அரை நிமிடம் வைத்திருந்தால் செத்துப்போகும். அதனால் அங்கேயே ஒரே வாயில் குடித்துவிட்டு மேசைக்குத் திரும்பவேண்டும்.

புளிப்பு, சுள்ளென்று. முதல் கோப்பை முகத்தைச் சுளிக்கவைத்தது. எண்ணெயில் மினுங்கும் உப்பு மீனைத் தின்ற பிறகு இரண்டாவது கோப்பை வேறு பானமாக இருந்தது. மாட்டிறைச்சியின் மஞ்சள் கொழுப்புக்குப் பிறகு அதற்காக மனம் ஏங்கவே தொடங்கியது. வறுத்த மீன் உள்ள எந்த ஊருக்கும், எலுமிச்சை பிழிந்து சாப்பிடும் எந்தப் பண்டத்துக்கும் நான் இனி பாஸ்க் சைடரைத்தான் சொல்வேன். நம் வஞ்சிர வறுவலுக்கு இதைவிடப் பொருத்தமான கோப்பையை நான் இதுவரை கண்டதில்லை.

எஸ்கியோவில் இகார்துபெய்தி என்ற 16-ஆம் நூற்றாண்டுப் பண்ணைவீட்டைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள் பிழிபொறி இருக்கிறது என்று சொல்வதைவிடப் பிழிபொறியைச் சுற்றி வீடு கட்டினார்கள் என்பதே சரி. நீளமான பெரிய உத்தரம்தான் நெம்புகோல். மாடும் மனிதர்களும் கீழே, ஆப்பிள் மேல்தளத்தில். அதே நூற்றாண்டில் பாஸ்க் திமிங்கில வேட்டைக்காரர்கள் அட்லாண்டிக்கைக் கடந்து இன்றைய கனடாவின் லாப்ரடோர் கரைக்குப் போனார்கள். கப்பலில் தண்ணீர் பாசிபிடித்துக் கெடும், சைடர் கெடாது. பீப்பாய் பீப்பாயாக ஏற்றிப்போனார்கள். 1565-ல் ரெட் பே விரிகுடாவில் மூழ்கிய சான் ஹுவான் கப்பலைப் பழைய முறையிலேயே மறுபடி கட்ட பசாயா துறைமுகத்தில் முனைந்தார்கள். தார் வாசனையும் ஓக் சீவல்களும் நிறைந்த அந்தப் பட்டறையில் நின்றபோது, உப்பு மீனுக்கும் புளிச் சைடருக்கும் உள்ள உறவு கடலில் நிச்சயமானது என்று தோன்றியது.

கடைசி ஊர்கள் அஸ்தூரியாஸில். நாவா, வில்யாவிசியோசா, கிஹோன். இங்கும் புளிப்புதான், இங்கும் வாயு இல்லை. ஆனால் பீப்பாய்க்குப் பதில் மனிதக் கை. ஊற்றுபவர் பச்சைப் புட்டியைத் தலைக்குமேல் தூக்கி, மறு கையில் அகன்ற மெல்லிய கோப்பையைத் தொடைக்கருகே சாய்த்துப் பிடித்து, கோப்பையைப் பார்க்காமலே ஊற்றுகிறார். ஒரு மீட்டருக்குமேல் விழும் தாரை விளிம்பில் உடைந்து நுரைக்கிறது. இரண்டு மடக்குக்குமேல் ஊற்றமாட்டார். குடித்து, கடைசிச் சொட்டுகளை வாய்பட்ட விளிம்பின் வழியே தரையில் ஊற்றிக் கழுவி, கோப்பையை அடுத்தவரிடம் தரவேண்டும். மேசைக்கு ஒரே கோப்பை என்பது பழைய வழக்கம். 2024 டிசம்பரில் யுனெஸ்கோ அஸ்தூரியாஸின் சைடர் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் சேர்த்தது. அந்தப் பட்டியலுக்குரியது பானம் மட்டுமல்ல, இந்தக் கைமாற்றமும்தான்.

ஆலையில் கூடும் எஸ்பிச்சா விருந்துக்கு ஒருநாள் அழைத்துப்போனார்கள். நாற்காலி இல்லை. நீண்ட பலகையில் அவித்த முட்டை, சைடரில் வெந்த சொரிசோ, இறைச்சி அடைத்த ரொட்டி, காப்ராலெஸ் நீலக்கட்டி. காப்ராலெஸ் மலைக்குகையில் முற்றியது. நாக்கில் வைத்தால் மூக்குவரை எரியும். சாமர்செட்டின் துவர்ப்பைக் கொண்டுபோய் அதன் முன் வைத்தால் இரண்டும் சண்டைபோடும். அஸ்தூரியச் சைடர் சண்டைபோடவில்லை, எரிச்சலைக் கழுவிவிட்டு நகர்ந்தது.

கிஹோனில் ஒரு சைடர் கடையில் மாலை தனியாகப் போய் உட்கார்ந்தேன். பரிமாறுபவர் புட்டியைத் திறக்குமுன் 'எத்தனை பேர் வருகிறீர்கள்?' என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றதும் தயங்கினார். திறந்த புட்டியை உடனுக்குடன் ஊற்றித் தீர்க்கவேண்டும், ஒருவர் நிதானமாகச் சுவைப்பதற்கு இது சரிப்படாது என்பது அவர் கட்சி. அவர் சொன்னது சரி. தனியாகப் புத்தகத்தோடு உட்காரும் இரவுக்குக் கிங்ஸ்டன் பிளாக் இருக்கிறது. அதை ஒரு மணி நேரம் வைத்துக் குடிக்கலாம். பக்கத்து மேசையில் மூவர் இருந்தார்கள். பரிமாறுபவர் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசினார். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்கள். புட்டி திறந்தது, கோப்பை முதலில் என்னிடம் வந்தது.